வாசல் வரைதானா நம் பண்பாடு?

மாவட்டத் தலைநகர் ஒன்றின் பொது நூலகத்தில் ‘பன்முகப் பண்பாட்டு வாரம்’ நடத்தப்போவதாகச் சொல்லி, ஆலோசனைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கையில் தந்த நிகழ்ச்சி நிரலில் அரங்கத்துக்குள் கர்நாடக இசை, பரதநாட்டியம், இலக்கியச் சொற்பொழிவு. வாசலில் விருந்தினரை வரவேற்கப் பறையாட்டம். மரத்தடியில் நரிக்குறவரின் பாசிமணிக் கடை.

“பறை ஏன் வாசலில்?” என்று கேட்டேன். “பறை அடிச்சாத்தான் தம்பி கூட்டம் சேரும்” என்றார் அமைப்பாளர் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் என் தாத்தா ஊர்த்தெருச் சாவு வீடுகளில் வாசலில் நின்றுதான் பறையடித்தார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. பேரன் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகும் பறையின் இடம் வாசல்தான் என்றால் மாறியது என்ன?

அந்த மேசையில் பறைக் கலைஞர் ஒருவரும் இல்லை, நரிக்குறவர் ஒருவரும் இல்லை. அவர்கள் எதைக் காட்டுவது, எங்கே நிற்பது என்பதை மற்றவர்களே முடிவு செய்திருந்தார்கள். வரவு செலவுத் தாளில் நடனக் கலைஞருக்கு ‘மதிப்பூதியம்’. பறைக் குழுவுக்குச் ‘சாப்பாடு, பயணச் செலவு’. சாதி இப்படித்தான் தாளில் ஏறுகிறது.

இன்னொன்று. ஒடுக்கப்பட்டோர் பண்பாடு என்றதும் இவர்களுக்குப் பறை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல். அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது 1907இல். எழுத்தும் அச்சும்கூட நம் பண்பாடுதான். அதைப் பேச நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சேரியில் வீட்டு வரி கட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார்.

நான் முன்வைத்தவை நான்கு. திட்டமிடும் குழுவிலேயே அந்தந்தச் சமூகத்தார் இருக்க வேண்டும். மேடையும் ஊதியமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பறைக் கலைஞர் வாசிப்பதோடு நிற்காமல் தன் கலையைப் பற்றிப் பேசவும் நேரம் தர வேண்டும். விழாவுக்கு வருகிற குடும்பங்களுக்கு அன்றே உறுப்பினர் அட்டை வழங்க வேண்டும்.

பறை அரங்கத்துக்குள் வர ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றுக்குப் “பார்க்கலாம்” என்றார்கள். பார்ப்போம். பாசிமணி விற்கும் அம்மாவின் மகள், விழா முடிந்த மறுநாள் தன் அட்டையைக் காட்டி உள்ளே வந்து, யாரும் முறைக்காமல் ஒரு புத்தகத்தோடு உட்கார முடிகிறதா? விழா வென்றதா என்பதை அன்றைக்குத்தான் சொல்ல முடியும்.