செவிலியர்களுக்கு எந்த ஆங்கிலத் தேர்வு? அரசே வழிகாட்டக் கோரும் மனு

அனுப்புநர்
நிர்வாகிகள்,
செவிலியர் சங்கம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்,
சென்னை.

பொருள்: வெளிநாட்டுப் பணிக்குத் தயாராகும் செவிலியர்கள் தமக்கு உரிய ஆங்கிலத் திறன் தேர்வைத் தேர்ந்தெடுக்க அரசு வழிகாட்டுதல் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மருத்துவமனைகளில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா செல்லத் தயாராகும் எங்கள் உறுப்பினர்கள் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். எந்த ஆங்கிலத் தேர்வை எழுதுவது என்று முடிவு செய்யும் இடத்திலேயே இவர்களில் பலர் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள். அந்த முடிவை இன்று அவர்களுக்காக எடுப்பவை தனியார் பயிற்சி மையங்கள். எந்த வகுப்பில் ஆள் சேர வேண்டுமோ அந்தத் தேர்வே சிறந்தது என்று அங்கே சொல்லப்படுகிறது. 1978 முதல் அரசு நிறுவனமாக இயங்கி வரும் தங்கள் அலுவலகம் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே செவிலியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி, பொதுவான ஐஇஎல்டிஎஸ் அகடமிக், மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆகிய இரு தேர்வுகளை ஏற்கிறது. ஓஇடி ஏற்கப்பட்டது 2017-இல்தான் என்பதால் இன்னும் பலருக்கு ஆங்கிலத் தேர்வு என்றாலே ஐஇஎல்டிஎஸ் மட்டுமே நினைவுக்கு வருகிறது. இரண்டும் அளப்பது ஆங்கிலத்தைத்தான். ஆனால் ஒரு வார்டு செவிலியர் உட்கார்ந்து எழுதும்போது அவருக்கு முன்னால் வரும் தாள் முற்றிலும் வேறு.

ஐஇஎல்டிஎஸ் அகடமிக் எழுத்துத் தேர்வில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். பிறகு பொதுவான ஒரு தலைப்பில் 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. கட்டுரை எழுதிப் பல வருடமான ஒருவர் இங்கேதான் அரை மதிப்பெண்ணில் தவறவிடுகிறார். ஓஇடியில் நோயாளி ஒருவரின் கேஸ் நோட்ஸ் தரப்படும். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவர் என்று வைத்துக்கொள்வோம். டிரெஸ்ஸிங் எப்போது மாற்ற வேண்டும், எந்த மாத்திரை நிறுத்தப்பட்டது, வீட்டில் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்பவற்றில் தேவையானதை மட்டும் பொறுக்கியெடுத்து, அவரை இனிப் பார்க்கப்போகும் செவிலியருக்கு 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுத வேண்டும். குறிப்பைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். பேச்சுத் தேர்விலும் அப்படியே: இன்சுலின் போட்டுக்கொள்ள மறுக்கும் நோயாளியாக எதிரில் இருப்பவர் பேச, அவரிடம் காரணம் கேட்டு, பயத்தைத் தணித்து, சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும். தினமும் தமிழில் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் செய்து காட்டும் தேர்வு இது. பல வருட வார்டு அனுபவம் உள்ளவருக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

ஆனாலும் எல்லோரையும் ஓஇடிக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதன் கட்டணம் பொதுவாக ஐஇஎல்டிஎஸ் கட்டணத்தைவிட அதிகம். ஓஇடி வாசிப்புத் தேர்வின் முதல் பகுதியில் 15 நிமிடத்தில் நான்கு குறிப்புகளைப் புரட்டி 20 கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அனுபவசாலிகளே அங்கே தடுமாறுகிறார்கள். கல்லூரியை முடித்த கையோடு, கட்டுரை எழுதும் பழக்கம் விட்டுப்போகாமல் வருகிறவருக்கு ஐஇஎல்டிஎஸ் போதும். யாருக்கு எது என்று ஆளைப் பார்த்துச் சொல்ல, விற்பனை நோக்கமில்லாத ஒருவர் தேவை.

சொல்லப்படாத விஷயங்களும் பல. என்எம்சி கேட்பது ஐஇஎல்டிஎஸ்-இல் எழுத்துக்கு 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகிய மூன்றுக்கும் 7. ஓஇடியில் எழுத்துக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி. ஒரே தடவையில் இது கிடைக்காவிட்டாலும், குறிப்பிட்ட குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். இது தெரியாமல், இரண்டாவது தடவையும் நான்கு பிரிவிலும் தேவையான மதிப்பெண் வாங்கியாக வேண்டும் என்று பயந்து பாதியில் விட்டவர்கள் எங்களிடையே உண்டு. ஐஇஎல்டிஎஸ்-இல் அகடமிக், ஜெனரல் டிரெயினிங் என இரு வகை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத்துக்கு ஜெனரல் வேண்டும். பிரிட்டன் பதிவுக்கு அகடமிக் வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை மாற்றி டிக் செய்தால் கட்டிய பணம் போயிற்று.

ஜெர்மனி செல்ல விரும்புகிறவருக்கு ஆங்கிலச் சான்றே வேண்டாம், ஜெர்மன் மொழிதான் வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாக டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் போன்ற தொழில் தேர்வும்தான் முக்கியம். இவர்களையும் ஆங்கில வகுப்பில் சேர்த்துக் கட்டணம் வாங்குவது நடக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்திடம் தேவையே இல்லாத தேர்வுக்குப் பணம் வாங்குவதை எங்களால் சாதாரண வியாபாரமாகப் பார்க்க முடியவில்லை.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளின் சான்றிதழில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது தந்தை பெயராக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். தேர்வுப் பதிவு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே இதைச் சரிபார்க்கச் சொல்ல ஆள் இல்லை.

எனவே, எந்த நாட்டின் பதிவுக் குழுமம் எந்தத் தேர்வை, எந்த மதிப்பெண்ணுடன், எவ்வளவு காலத்துக்கு ஏற்கிறது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் தங்கள் நிறுவனம் வெளியிட வேண்டும். விதிகள் மாறும்போதெல்லாம் தேதியிட்டுத் திருத்த வேண்டும். அதை அரசு செவிலியர் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்ய வேண்டும். மதுரை, திருநெல்வேலி, கோவை போன்ற ஊர்களில் வாரம் ஒரு நாளாவது இலவச ஆலோசனை முகாம் வேண்டும். பணம் கட்டும் முன் இரண்டு தேர்வுக்கும் ஒவ்வொரு மாதிரித் தாளை எழுத வைத்து, எது ஒத்துவருகிறது என்று அங்கே பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் அரசு அமைப்பான நோர்கா ரூட்ஸ் நடத்தும் மொழிப் பயிற்சி நிறுவனம் ஓஇடி, ஐஇஎல்டிஎஸ், ஜெர்மன் மூன்றையும் கற்பிக்கிறது. அத்தகைய வகுப்புகளை, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களும் சேரும் நேரத்தில், இங்கும் தொடங்க வேண்டுகிறோம். தேர்வுக் கட்டணத்துக்கு தாட்கோ, டாம்கோ ஆகிய அரசுக் கழகங்கள் வழியாகக் கடன் கிடைக்கத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். தேர்ச்சி நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள், எந்த நாட்டுக்கு எந்தத் தேர்வு என்பதை எழுத்தில் தந்து ரசீதுடன் மட்டுமே பணம் பெற வேண்டும் என்ற விதியும் தேவை.

இவை குறித்து எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், தேர்வு முடிவுகள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் எடுக்கும் நடவடிக்கையை விரைவில் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள்

இடம்: மதுரை