ஜவ்வாது மலைக்கும் வரட்டும் புதுத் தொழில்!

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆலங்காயத்தில் இருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில் உள்ளது. அங்கே ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதாவது, ஏழரை அடிக்கும் மேல்!

1986-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதற்காகப் பாடுபட்டவர் வானவியல் அறிஞர் வைணு பாப்பு. திறப்பு விழாவைக் காண அவர் இல்லை. 1982-ல் காலமாகிவிட்டார். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கண்ணாடிக் கட்டி ஜெர்மனியில் இருந்து வந்தது. ஆனால் அதைத் தேய்த்து, பளபளப்பாக்கி, தொலைநோக்கியாகச் செய்தது நம் நாட்டில்தான்.

அந்தக் காலத்தில் நட்சத்திரத்தின் படம் கண்ணாடித் தகட்டில் பதிந்தது. தகட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதும். இப்போது படம் எண்களாகப் பதிகிறது. எண்களை வைக்கப் பெட்டி போதாது. கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வேண்டும். குளிர்ச்சி வேண்டும். இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு யார் பயிற்சி கொடுப்பது? எங்கே கொடுப்பது?

தகவல் கிடங்கு

ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். கருவி நம் பெயரைச் சொல்கிறது. பாங்கியில் பணம் எடுக்கிறோம். உடனே செல்போனுக்குச் செய்தி வருகிறது. இந்தக் கணக்கெல்லாம் எங்கே இருக்கிறது? ஆகாயத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டிடத்தில் இருக்கிறது.

நெல்லுக்குக் குதிர் போல, தகவலுக்கு ஒரு கிடங்கு. அதைத்தான் "டேட்டா சென்டர்" என்கிறார்கள். சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இப்படிப் பெரிய கட்டிடங்கள் எழுந்துள்ளன. வெளிநாடுகளில் இருந்து கடலுக்கு அடியில் வரும் தகவல் கம்பிகள் சென்னையில் கரை ஏறுகின்றன. கிடங்குகள் அங்கே பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தொழிலை வளர்க்க 2021-ம் ஆண்டு தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

உள்ளே போனால் என்ன தெரியும்? ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு அலமாரிகள், வரிசை வரிசையாக நிற்கும். அவற்றில் கம்ப்யூட்டர்கள் அடுக்கி இருக்கும். ஒவ்வொன்றும் அடுப்புப் போல் வெப்பத்தைக் கக்கும். ஆகவே குளிர்ந்த காற்றை முன்பக்கம் விடுகிறார்கள். சூடான காற்றைப் பின்பக்கம் இழுக்கிறார்கள். உள்ளே செல்லும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது உலகம் ஏற்ற கணக்கு.

மின்சாரம் நின்றால்? பாட்டரி உடனே தாங்கிக்கொள்ளும். ஆனால் சில நிமிடங்கள்தான். அதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று தயாராக நிற்க வேண்டும். தீப்பிடித்தால் கம்ப்யூட்டர் மீது தண்ணீரைக் கொட்ட முடியாது. பல இடங்களில் தீயை அணைக்க வாயுவை வைத்திருக்கிறார்கள்.

ஆக, தகவல் கிடங்கு என்பது பாதி கம்ப்யூட்டர். மீதிப் பாதி மின்சாரம், காற்று, எண்ணெய், பாட்டரி. இந்த மீதிப் பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை. கெடுவது பெரும்பாலும் அதுதான்.

கொரியாவில் நடந்தது

2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, தென் கொரியாவில் தேஜான் என்ற நகரம். அரசாங்கத்தின் தகவல் கிடங்கு அங்கே இருக்கிறது. பாட்டரிகளைக் கழற்றி இடம் மாற்றும் வேலை நடந்தது. திடீரென்று ஒரு பாட்டரி தீப்பற்றியது.

கம்ப்யூட்டர்கள் சூடேறிவிடும் என்று நிறுத்தினார்கள். 709 அரசு சேவைகள் நின்றன. தபால் நிலையப் பணப் பட்டுவாடாவும் தடைப்பட்டது. அரசு ஊழியர்கள் சேமித்து வைத்த 858 டெராபைட் கோப்புகள் எரிந்தன. அவற்றுக்கு வேறு இடத்தில் பிரதி இல்லை!

உலகத்திலேயே கம்ப்யூட்டர் தொழிலில் முன்னணியில் நிற்கும் நாடு அது. அங்கே படித்தவர்களுக்குப் பஞ்சமா? இல்லை. ஆனால் விபத்து நடந்தது பாட்டரி கழற்றும் வேலையில். எதை முதலில் அணைப்பது, எதைப் பிறகு கழற்றுவது என்ற வரிசை தெரிந்த கைகள் அந்த வேலைக்கு வேண்டும்.

நம் ஊரில் நிலைமை என்ன? கம்ப்யூட்டர் பட்டதாரிக்கு நிரல் எழுதத் தெரியும். பாட்டரி அறையின் கதவைத் திறக்கப் பயப்படுவார். எலெக்ட்ரீஷியனுக்குப் பாட்டரி தெரியும். அலமாரியில் இருப்பது என்ன, அது நின்றால் யாருக்கு நஷ்டம் என்று தெரியாது. இருவரும் ஒரே கட்டிடத்தில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதில்லை.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். இப்போதும் பயிற்சி வகுப்புகள் இல்லாமல் இல்லை. பெரிய நகரங்களில், ஓட்டல் கூடங்களில், இரண்டு மூன்று நாள் நடக்கின்றன. பாடம் ஆங்கிலத்தில். கட்டணத்தைக் கேட்டால் ஏழைத் தகப்பனாருக்கு மயக்கம் வரும்.

மலைவாசிகளின் பிள்ளைகள்

இப்போது மீண்டும் ஜவ்வாது மலைக்கு வருவோம்.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். (கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.) சாமை விளைவிக்கிறார்கள். தேன், புளி, பலா விற்கிறார்கள். மழை பொய்த்தால் கூலி தேடி வெளியே போகிறார்கள்.

போன இடத்தில் எல்லோருக்கும் நல்ல வேலை கிடைத்ததா? 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதியை மலை மக்கள் மறக்கவில்லை. ஆந்திராவில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து ஏழைகள் அதில் பலர். கோடாரி பிடித்த கைக்கு, திருப்புளி பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை.

ஜமுனாமரத்தூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. புதிய கட்டிடம் கட்ட வேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியன் படிப்பும், குளிர்சாதனம் பழுது பார்க்கும் படிப்பும் நாட்டின் தொழிற்பயிற்சிப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ளன. இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்பு. அவற்றோடு ஆறு மாதம் சேர்த்துத் தகவல் கிடங்கு வேலையைக் கற்றுக் கொடுத்தால் என்ன?

இதற்குப் பெரிய செலவு ஆகாது. சென்னையில் கழித்துக் கட்டும் பழைய அலமாரி ஒன்று, பாட்டரி வரிசை ஒன்று, சிறிய ஜெனரேட்டர் ஒன்று கொண்டுவந்தால் போதும். ஒரு அறையில் நிறுத்தி, வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, எந்த மணி அடிக்கிறது, யார் எங்கே ஓட வேண்டும் என்பதைப் பையன்களும் பெண்களும் நூறு தடவை செய்து பழக வேண்டும். பாடம் தமிழில் இருக்க வேண்டும். யந்திரத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொள்ளட்டும். பஸ் டிரைவர்கள் "கிளட்ச்", "பிரேக்" கற்றுக்கொள்ளவில்லையா?

பயிற்சி முடிந்ததும் நிஜமான கிடங்கில் பழக வேண்டும். அதற்கும் சட்டம் இருக்கிறது. 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், உதவித்தொகை கொடுத்துப் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். சிறுசேரியில் சேர்க்கும் பழகுநர்களில் சிலர் ஜமுனாமரத்தூர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும்.

"தகவல் கிடங்கில் வேலை குறைவு. கட்டிடம்தான் பெரிது" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை. மில்லைப் போல் ஆயிரம் பேருக்கு அங்கே வேலை கிடைக்காது. ஆனால் பாட்டரியும் குளிர்சாதனமும் ஜெனரேட்டரும் அங்கே மட்டுமா இருக்கின்றன? ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. பாங்கியில் இருக்கின்றன. செல்போன் கோபுரத்தின் அடியில் இருக்கின்றன. ஒரு தொழிலைக் கற்றவனுக்கு நாலு வாசல் திறக்கும்.

"மலைப் பிள்ளைகள் இரவு வேலைக்குத் தாங்குவார்களா?" என்றும் கேட்கக்கூடும். காவலூரில் வேலையே இரவில்தான் நடக்கிறது!

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆள் சேர்க்கும் காலம் ஆண்டுதோறும் கோடையில் வருகிறது. அடுத்த கோடைக்குள் அதிகாரிகளும் கிடங்கு முதலாளிகளும் ஒருமுறை ஜமுனாமரத்தூருக்குப் போய் வரட்டும். பழைய பாட்டரியை ஏற்றிய லாரியும் கூடவே போகட்டும்.