தண்டனை உண்டு, தகுந்த கப்ளர் எங்கே?

தலைநகர் தில்லியின் காஷ்மீரி கேட், நாட்டின் மிகப் பெரிய மோட்டார் உதிரிபாகச் சந்தைகளுள் ஒன்று. பிஸ்டன் முதல் கண்ணாடித் துடைப்பான் வரை அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். அத்தகைய சந்தையிலும், காரின் முகப்பு விளக்குக்குப் பின்னால் கருகிப்போன ஒரு சிறிய பிளாஸ்டிக் இணைப்புக்கு, அதே அளவிலும் தரத்திலும் மாற்று தேடுபவர் கடைகடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக்குகள் "கப்ளர்" என்று அழைக்கும் அப்பொருளைக் கேட்டால், கடைக்காரர் நீட்டுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. ஒன்று, பல மடங்கு விலையுள்ள முழு வயரிங் தொகுப்பு. மற்றொன்று, தயாரிப்பாளர் பெயரோ தாங்கும் மின்னோட்டத்தின் அளவோ பொறிக்கப்படாத ஒரு கப்ளர்.

இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால், வாகனத்தில் செய்யப்படும் தவறான மாற்றத்துக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கும் சட்டத்தை 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. தவறு செய்பவரைத் தண்டிக்கும் அரசுக்கு, சரியானதைச் செய்ய முயல்பவருக்கு வழி அமைத்துத் தரும் கடமையும் உண்டு. அந்தக் கடமை இன்னும் நிறைவேறவில்லை.

முதலில், அபாயம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் மின்சுற்றில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக் கொள்கிறது. கப்ளரின் உள்ளே துருவாலோ தளர்வாலோ 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டால், அந்த இடத்தில் 2.5 வாட் வெப்பம் உண்டாகும். கூடுதல் வெளிச்சத்துக்காக, தயாரிப்பாளர் குறித்த அளவைத் தாண்டி 100 வாட் விளக்கை அதே கப்ளரில் மாட்டினால், மின்னோட்டம் 8 ஆம்பியரைத் தாண்டும். வெப்பமோ ஏறத்தாழ 7 வாட்டாக உயரும். விரல்நுனி அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்ட இந்த வெப்பம் அதனை மெல்ல மெல்ல உருக்கிவிடும்.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பியூஸ் இருப்பதால் அபாயமில்லை என்று கருதுவது தவறு. மின்னோட்டம் அளவு மீறும்போதுதான் பியூஸ் எரியும். கோளாறான இணைப்பிலோ மின்னோட்டம் அளவு மீறாமலே வெப்பம் பெருகுகிறது. மேற்சொன்ன 8 ஆம்பியரை 10 ஆம்பியர் பியூஸ் கண்டுகொள்ளாது. ஆகவே, தம் காரின் வயரிங்கைத் தாமே சரிசெய்ய முனைபவருக்கு, பியூஸுக்கு இணையான பாதுகாப்பைத் தர வேண்டியது சரியான கப்ளர்தான்.

சரியான கப்ளர் என்பதற்கு இலக்கணம் இல்லாமல் இல்லை. கார்களில் பரவலாகப் பயன்படும் தட்டை டெர்மினல்கள் 2.8, 4.8, 6.3, 9.5 மில்லிமீட்டர் என்ற அகலங்களில் வருகின்றன. அகலம் கூடக் கூட, தாங்கும் மின்னோட்டமும் கூடுகிறது. டெர்மினலின் பிடிப்பகுதி, அதில் பொருத்தப்படும் கம்பியின் சதுர மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பாடி எர்த்துக்கும் போல்ட்டின் அளவுக்கேற்ற வளைய லக் தேவை. பானட்டுக்குள்ளும் பம்பருக்கு அருகிலும் மழைநீர் புகாத, ரப்பர் வளையம் உள்ள கப்ளர் தேவை. கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பாகாது. உரிய கிரிம்பிங் இடுக்கியால் நசுக்கிப் பொருத்தியதே இணைப்பு.

பெயர் பொறிக்கப்படாத சரக்கிலிருந்து நல்லதைப் பிரித்தறிய எளிய சோதனைகளும் உண்டு. காந்தம் ஒட்டிக் கொண்டால், அந்த டெர்மினல் பித்தளை அன்று, முலாம் பூசிய இரும்பு என்று ஐயுறலாம். கம்பியின் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டும்போது வெள்ளி நிறம் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கக் கூடும். ஆனால், நாட்டின் குடிமகன் ஒவ்வொருவரும் காந்தத்தோடும் கத்தியோடும் கடைக்குச் செல்ல வேண்டும் என்று எந்த அரசும் எதிர்பார்க்க முடியாது.

சந்தையின் நிலை எப்படி இருக்கிறது? கப்ளர்களும் லக்குகளும் பெரும்பாலும் உதிரியாக, பொட்டலமும் குறிப்பும் இன்றி விற்கப்படுகின்றன. பழைய வாகனங்களிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவை புதியவற்றோடு சேர்ந்து வருகின்றன. கம்பி போதாதபோது வீட்டு வயரிங்குக்கான கம்பியையே காரிலும் இழுத்து விடுகிறார்கள். பானட்டுக்குள் நிலவும் வெப்பத்துக்கும், எண்ணெய்க்கும், ஓயாத அதிர்வுக்கும் என உருவாக்கப்பட்டதல்ல அந்தக் கம்பி. சென்னை புதுப்பேட்டையிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்காது என்பதைத் தமிழக வாசகர்கள் அறிவார்கள்.

இனி, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம் 182-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது அப்பிரிவு.

எனினும், எல்லாப் பழுதுபார்ப்பும் மாற்றம் ஆகிவிடாது. வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாறுதலையே "மாற்றம்" என 52-ஆவது பிரிவின் விளக்கம் குறிக்கிறது. கருகிய கப்ளரை அகற்றி அதே தரத்தில் வேறொன்றைப் பொருத்துவது அந்த வரையறைக்குள் வராது என்று வாதிட இடமுண்டு. ஆனால், "அதே தரம்" என்பதை உரிமையாளர் எதைக்கொண்டு நிரூபிப்பார்? பெயரற்ற கப்ளருக்குச் சான்று ஏது? விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பினால், அவர் காட்டக்கூடியது கசங்கிய ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே.

தரமான உதிரிபாகம் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே அரசு ஆவணங்களில் உள்ளது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கும் தனியார் பட்டறைகளுக்கும் எட்டாமல் வைத்திருந்தன என்பதே குற்றச்சாட்டு. பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுவனங்கள் முன்வைத்த வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. உதிரிபாகங்கள் தடையின்றிக் கிடைக்க வழி செய்யுமாறும் உத்தரவிட்டது. மேல்முறையீடு செய்த நிறுவனங்கள் சிலவற்றுக்கு 2016-இல் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. கடைவீதியில் உதிரியாக விற்கும் கப்ளரின் நிலையோ மாறவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "பழுதுபார்க்கும் உரிமை" குறித்துக் குழு அமைத்தது. அது எடுத்துக் கொண்ட நான்கு துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கான வலைத்தளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால், வலைத்தளத்தில் தகவல் தருவது வேறு. தகவல் தரவேண்டும் என்று நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் கொண்டுவந்த வாகன ஒப்புதல் ஒழுங்குமுறையிலேயே, பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனியார் பட்டறைகளுக்கும் அளிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது.

அனுபவமற்றவர்கள் வயரிங்கில் கைவைப்பதை ஊக்குவிப்பது ஆபத்தல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் ஆகியவற்றின் வயரிங்கையும், மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தக் கம்பிகளையும் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால், முகப்பு விளக்கும் ஹாரனும் பழுதானால், மறைத்து வைப்பதால் யாரும் பழுதுபார்ப்பதை நிறுத்தப் போவதில்லை. வாரண்டி காலம் முடிந்த பழைய காரின் உரிமையாளருக்கு அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தின் கட்டணம் எட்டாத தொலைவில் இருக்கிறது. சரியான கப்ளர் கிடைக்காத இடத்தில், அவர் கையில் மிஞ்சுவது டேப் மட்டுமே. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு கார் மாடலிலும் எந்த விளக்குக்கு எந்தக் கப்ளர், அதன் டெர்மினல் அகலம், கம்பியின் அளவு, தாங்கும் ஆம்பியர் ஆகியவை அடங்கிய பட்டியலை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். கப்ளரையும் டெர்மினலையும் முழு வயரிங் தொகுப்பிலிருந்து பிரித்துத் தனியாகவும் விற்க வேண்டும். பொட்டலப் பொருள்களில் தயாரிப்பாளர் பெயரையும் விலையையும் அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன. அத்துடன் ஆம்பியர் அளவையும் உலோகத்தின் பெயரையும் சேர்ப்பதில் தடையேதும் இருக்க முடியாது. இருசக்கர வாகன ஓட்டிகளின் ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய அரசுக்கு, கப்ளருக்கு ஒரு தரக் குறியீட்டை விதிப்பது இயலாத காரியம் அன்று.

சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செய்ய வேண்டிய பணியும் ஒன்று உண்டு. அதே தரத்தில் செய்யும் பழுதுபார்ப்பு எது, தண்டனைக்குரிய மாற்றம் எது என்பதை எளிய மொழியில், மாநில மொழிகளிலும், ஓர் அறிவிக்கையாக வெளியிட வேண்டும். அதுவரை, விளக்கத்தை முடிவுசெய்யும் அதிகாரம் சாலையோரத்தில் வாகனத்தை நிறுத்தும் அலுவலரின் கையிலேயே இருக்கும்.

போக்குவரத்து அபராதங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் எழும் குரல்களுக்குக் குறைவில்லை. அந்த அபராதத்தைத் தவிர்க்க விரும்பும் குடிமகனுக்குச் சந்தையில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வியையும் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். சரியான பொருளைக் கடைக்குக் கொண்டுவராமல், தவறான பொருளைப் பொருத்தியவரை மட்டும் தண்டிப்பது நீதியாகாது.