பாளையங்கோட்டைச் சிறைமீட்பு

பகைவர் முகாமில் புகுந்து போர்க் கைதிகளை மீட்ட கதை என்றால், நம்மவர் மனம் உடனே கடல் கடந்து போய்விடுகிறது. 1945-ஆம் ஆண்டு ஜனவரியில் பிலிப்பைன்ஸ் தீவின் கபனத்துவான் முகாமிலிருந்து ஐந்நூறு பேரை அமெரிக்கர் மீட்ட வரலாறு பெரும் புகழ் பெற்றது. அதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்பே, மதுரைக்குத் தெற்கே நூறு மைல் தொலைவில் நிகழ்ந்த மீட்பை நம் குழந்தைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டைக் கோட்டையில் அடைக்கப்பட்டனர். கும்பினியார் இவர்களைக் கலகக்காரர் என்றே எழுதி வைத்தனர். போரில் தோற்றுப் பிடிபட்டவர்களைப் போர்க் கைதிகள் என்னாமல் வேறு என்னென்பது?

சிறையில் அம்மை நோய் பரவியது. அதன் பொருட்டுக் கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்டன. 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி மாலை மேஜர் மெக்காலேயின் தோட்ட மாளிகையில் துரைமாரும் சீமாட்டிகளும் விருந்துண்டு கொண்டிருந்தனர். அவ்வேளையில், மாறுவேடம் பூண்டு ஆயுதங்களை மறைத்துக்கொண்டு வந்திருந்த பாஞ்சாலங்குறிச்சியார் காவலரை மடக்கினர், கதவுகள் திறந்தன. விறகுக்கட்டுக்குள் கத்திகளைச் செருகிக்கொண்டு வந்தார்கள் என்பது அப்பக்கத்து வழக்கு. பொழுது விடியுமுன் முப்பது மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்துவிட்டனர்.

கும்பினிப் படை ஒரு வாரத்திற்குள் அங்கே போய்ப் பார்த்தபோது, தாங்கள் தரைமட்டமாக்கிய கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மார்ச் 31-ஆம் தேதி நடத்திய தாக்குதலும் பலிக்கவில்லை. மே 24-ஆம் தேதியன்றுதான், கர்னல் அக்னியூவின் பெரும்படை கோட்டையைக் கைப்பற்றியது.

இவற்றையெல்லாம் எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்பவரே தம் இராணுவ நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஊமைத்துரையைப் பற்றிச் சொல்லும்போது அவர் பேனாவில் பகைமை காணவில்லை. மெலிந்த தேகம், வாய் பேசாத இளைஞன். சிறு துரும்புகளை உள்ளங்கையில் வரிசையாக அடுக்கி, அவையே வெள்ளையர் படையென்று காட்டி, மறு கையால் ஒரே வீச்சில் துடைத்தெறிவானாம். அதுவே போருக்கு அடையாளம்.

ஆனால் அந்நூலில் நம் மனத்தை உருக்குவது இரண்டாவது மீட்பே. கோட்டை விழுந்த பின் ஊமைத்துரை குற்றுயிராய்ப் பிணங்களிடையே கிடந்தான். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் கண்டெடுத்தாள். மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றார்கள். கும்பினியார் பக்கம் நின்ற எட்டையபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது, பெண்கள் அவன்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, “பிள்ளை அம்மையில் போய்விட்டானே!” என்று ஓலமிட்டனர். அம்மை என்ற சொல் செவியில் விழுந்ததும் வந்தவர்கள் ஓடிப்போயினர். சிறையில் விலங்கைக் கழற்றிய அதே நோயின் பெயர் இங்கும் உயிர் காத்தது. வேலும் வாளும் ஏந்தியவர்களால் இயலாததை இப்பெண்கள் தங்கள் அழுகையால் சாதித்தனர். மாறுவேடத்தில் கோட்டைக்குள் புகுந்தவர்களுக்கு அவர்களை ஒரு படி மேலாகவே நான் வைப்பேன்.

காயம் ஆறிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரருடன் சேர்ந்தான். ஜூன் 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் சின்ன மருதுவின் ஜம்புத்தீவுப் பிரகடனம் ஒட்டப்பட்டது. மதுரையைச் சூழ்ந்த காடுகளிலும் திண்டுக்கல் பக்கத்திலும் போர் மூண்டது. அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். திண்டுக்கல் சீமையில் பிடிபட்ட ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து நவம்பர் 16-ஆம் தேதி தூக்கிலிட்டனர். சிறையிலிருந்து மீண்ட பிறகு அவன் வாழ்ந்தவை ஒன்பதரை மாதங்கள்.