ஷியா பட்டரும் நம் தேங்காய் எண்ணெயும்

புறக்கோட்டை கெய்சர் வீதியிலிருந்து காத்தான்குடி வரை, பென்சிப் பொருட்கள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இன்று ‘ஷியா பட்டர்’ என்ற பெயரைப் பார்க்காமல் வெளியே வர முடியாது. ஷாம்புவில் ஷியா, கண்டிஷனரில் ஷியா, தலைக்குப் பூசும் கிறீமில் ஷியா. பதினைந்து வருடங்களுக்கு முன்னர் இந்தப் பெயரை நம்மிடம் கேட்டு வந்தவர்கள் மிகச் சிலரே. இப்போது பாடசாலைப் பிள்ளைகள்கூட கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டி ‘இது இருக்கா?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர் இருக்கும்போது விற்பவர் இருக்கத்தான் செய்வார். நானும் விற்கிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அது என்ன பொருள், எந்த ஊர்ப் பொருள், தலைமுடிக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியும்?

அண்மையில் ஒரு நண்பரின் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதப் பூசினா முடி கொட்றது நிக்குமா?” என்று கேட்டார். கவுண்டரில் நின்ற பொடியன் கண்ணிமைக்காமல், “நிக்கும் ராத்தா, ஒரு மாசத்தில தெரியும்” என்றான். அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணோ இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபா கொடுத்து அந்த வாக்கை வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து அவர் திரும்பி வந்து சண்டை பிடிக்கமாட்டார். பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். நமது வியாபாரத்தில் அதைவிடப் பெரிய நட்டம் எது?

ஷியா என்பது மேற்கு ஆபிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் தானாக வளரும் மரம். செனகல் தொடங்கி மாலி, புர்கினா பாசோ, கானாவின் வடபகுதி, நைஜீரியா என்று கிழக்கே உகண்டா வரை ஒரு நீண்ட பட்டையாக இது பரவியிருக்கிறது. பிரெஞ்சு பேசும் நாடுகளில் இதற்குக் ‘கரிட்டே’ என்று பெயர். தோட்டம் போட்டு வளர்ப்பது அரிது. காய்க்கவே பதினைந்து, இருபது வருடங்கள் எடுக்கும் மரத்தை யார் நடுவார்?

நம்மவர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தி. 1344இல் நமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, அதற்குச் சில வருடங்களுக்குப் பின் 1352இல் மாலி நாட்டுக்குப் போனார். போகும் வழியில் கண்ட ஒரு பழத்தின் கொட்டையை இடித்து எண்ணெய் எடுப்பதையும், அதில் சமைப்பதையும், விளக்கெரிப்பதையும், உடம்பில் பூசுவதையும், மண்ணில் குழைத்து வீட்டுச் சுவருக்குப் பூசுவதையும் எழுதி வைத்தார். அது ஷியாதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தென்னையைப் பற்றியும் அதே நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இந்த இரண்டு எண்ணெய்களையும் நேரில் பார்த்து எழுதிய ஒரு பயணி அறுநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே இருந்திருக்கிறார். ஐரோப்பியர் இதை அறிந்தது 1790களில் மங்கோ பார்க் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் நைஜர் ஆற்றைத் தேடிப் போனதன் பின்னர்தான். லேபலில் இன்றும் நீங்கள் காணும் ‘பியூட்டிரோஸ்பேர்மம் பார்க்கியை’ என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பார்க்தான்.

குவாங்சூவுக்குச் சரக்கெடுக்கப் போனபோது கானாவின் தமாலே நகரத்து வியாபாரி ஒருவரோடு பழகக் கிடைத்தது. தமாலே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஷியா வியாபாரத்துக்கும் பேர்போனது. அவர் சொல்லித்தான் இதன் பாடு எனக்கு விளங்கியது. மழை தொடங்கும் காலத்தில் பழம் தானாக உதிரும். பெண்கள் விடியற்காலையில் எழுந்து பொறுக்கப் போவார்கள். சதையைத் தின்றபின் கொட்டையை அவித்து, வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்துப் பருப்பெடுப்பார்கள். பருப்பை இடித்து, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையாலேயே அடித்துக் கடைவார்கள். வெண்ணெய் திரண்டு மேலே வரும். அதைக் காய்ச்சி ஆறவிட்டால் ஷியா பட்டர். தண்ணீர் அரிதான பூமியில் குடம் குடமாகத் தண்ணீரும் கட்டுக் கட்டாக விறகும் வேண்டும். ‘பெண்களின் பொன்’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொன்தான், பொறுக்கும் பெண்ணின் கைக்கு வருவது சில்லறை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். ஷியா முழுக்க அழகுசாதனத்துக்குப் போகிறதென்று நாம் நினைக்கிறோம். ஏற்றுமதியாகும் ஷியாவில் மிகப் பெரும் பங்கு போவது உணவுக் கம்பனிகளுக்கு, அதிலும் குறிப்பாக சொக்லட் செய்வதற்கு. சொக்லட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு ஆறு தாவரக் கொழுப்புகளை 5 வீதம் வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் சட்டம் செய்தது. அந்த ஆறில் ஷியாவும் ஒன்று. ஆகவே ஷியாவை இறக்க நினைப்பவர் கொக்கோ விலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024இல் கொக்கோ ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியபோது சொக்லட் கம்பனிகள் பதில் கொழுப்புகளின் பக்கம் திரும்பின. தலைமுடிக் கிறீம் விற்கும் நாம் சொக்லட் வியாபாரியோடு ஒரே சாக்குக்குப் போட்டியிடுகிறோம் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அங்குள்ள அரசாங்கங்களும் விழித்துக்கொண்டிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் நைஜீரியா, பதப்படுத்தாத ஷியாக் கொட்டையின் ஏற்றுமதியை ஆறு மாதத்துக்கு நிறுத்தியது. உலக விளைச்சலில் ஏறக்குறைய 40 வீதம் தமது நாட்டினுடையது, சந்தைப் பணத்தில் கிடைப்பதோ 1 வீதம்தான் என்று அந்நாட்டு உப ஜனாதிபதி காரணம் சொன்னார். நோக்கம் நியாயமானது. ஆனால் ஆலை கட்டி முடிப்பதற்கு முன் ஏற்றுமதியை மூடினால், வாங்குவார் குறைந்து முதலில் விலை இறங்குவது பொறுக்கும் பெண்ணின் கையில்தான் என்பது என் அபிப்பிராயம். வியாபாரம் தெரிந்த எவரும் இதைச் சொல்வார்.

சரி, தலைமுடிக்கு வருவோம். ஷியா ஒரு கனத்த கொழுப்பு. முடியின் மேலே ஒரு படலமாகப் படிந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கும். ஆபிரிக்க மக்களின் சுருண்ட, தடித்த, சீக்கிரம் வறளும் முடிக்கு அது அருமையான பொருள். நம்மவர்களில் பலருக்கு முடி நேரானது அல்லது இலேசாக அலைபாய்வது. நமது புழுக்கமான காலநிலையில் அதை வேர்வரை அப்பினால் தலை பிசுபிசுக்கும், தூசு ஒட்டும். சாயம் போட்டு, இஸ்திரி போட்டு நுனி கருகிய முடிக்கு விரல்நுனியளவு தேய்த்தால் பலன் உண்டு. இதைச் சொல்லி விற்றால் வாங்குபவர் மகிழ்ச்சியோடு மறுபடியும் வருவார்.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. அதில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடியின் உள்ளே புகக்கூடியது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. இதைச் செய்தவர்கள் இந்தியாவில் தேங்காய் எண்ணெய் விற்கும் மரிக்கோ கம்பனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் சரக்கைத் தானே நிறுத்துப் பார்த்தது போலத்தான். என்றாலும் அவர்கள் காட்டிய காரணம் இரசாயனத்தில் நிற்கிறது. உம்மாமார் தலைக்கு எண்ணெய் வைத்து ஊறவிட்டுப் பிறகு குளிக்கச் சொன்னதற்கு அர்த்தம் இருந்திருக்கிறது. குளித்தபின் வைப்பதைவிட முன்பே வைத்தால்தான் எண்ணெய் உள்ளே இறங்கி, முடி தண்ணீரில் ஊதிப் பலவீனமாவதைக் குறைக்கும்.

ஆனால் முடி வளருமா? வளர்வது தோலுக்குக் கீழே உள்ள வேரில். வெளியே தெரியும் முடி உயிரற்றது. ஷியாவோ தேங்காய் எண்ணெயோ முடி உடையாமல் காக்கும். உடையாத முடி நீளமாகத் தெரியும், அவ்வளவுதான். பிள்ளை பெற்று மூன்று மாதமளவில் கொத்தாக முடி கொட்டும் தாய்க்கும், இரும்புச்சத்துக் குறைந்தவருக்கும், தைரொயிட் நோயாளிக்கும் நமது கடையில் மருந்து இல்லை. முதலாமவருக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகும். மற்ற இருவரும் டொக்டரிடம் போக வேண்டியவர்கள். பொடுகுக்காக எண்ணெய் கேட்டு வருபவரிடமும் கவனமாக இருங்கள். பொடுகோடு தொடர்புடைய ஒரு வகை மதுவம் தலையிலுள்ள கொழுப்பைத் தின்றே வாழ்கிறது. எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அது சில வேளை கூடத்தான் செய்யும்.

இனி லேபல் விடயம். இதுதான் நமது கணக்குக்கு முக்கியமானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதிப்படி, சேர்மானங்களை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுத வேண்டும். 1 வீதத்துக்குக் குறைந்தவற்றை இறுதியில் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். போத்தலைத் திருப்பிப் பாருங்கள். முதலில் தண்ணீர், அல்லது ‘பரபினம் லிக்குவிடம்’ என்று கனிய எண்ணெய். ஷியா பெரும்பாலும் வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில், கடைசி வரியில் இருக்கும். 1 வீதம் என்றே வைத்துக்கொள்வோம். 200 கிராம் போத்தலில் 2 கிராம். அரைத் தேக்கரண்டிகூட வராது. ஒரு கிலோ ஷியாவை வைத்து 500 போத்தலில் மரத்தின் படத்தைப் போடலாம்! கனிய எண்ணெய் நஞ்சல்ல, முடிக்கு வழுவழுப்பும் தரும். ஆனால் அதை ‘முழுவதும் இயற்கை’ என்று கூவி, இரண்டு மடங்கு விலைக்கு விற்பதை எப்படி நியாயப்படுத்துவது?

தனி ஷியாவை இறக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உருகுவது ஏறக்குறைய 32 முதல் 37 பாகை வரையான வெப்பத்தில். தகரக் கூரைப் பண்டசாலையில் ஏப்ரல் மாதத்தில் நிச்சயம் உருகும். இரவில் மெதுவாக உறையும்போது மணல் போலக் குருணி கட்டும். வாங்கியவர் ‘நானா, இதுக்குள்ள மண்’ என்று கொண்டு வருவார். கெட்டுப்போகவில்லை. மெல்லிய சூட்டில் உருக்கி, குளிர்சாதனப் பெட்டியில் சட்டென்று குளிரவிட்டால் பழையபடி மிருதுவாகும். பதப்படுத்தாத ஷியா மஞ்சள் கலந்த வெள்ளை, இலேசான புகை வாசனை இருக்கும். பதப்படுத்தியது பால் வெள்ளை, வாசனையற்றது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கொடுக்காதீர்கள். காறல் நாற்றம் அடித்தால் மட்டும் அது பழுது.

தேங்காய் எண்ணெயை உள்ளூர்ப் பொருள்தானே என்று அலட்சியம் செய்வோர் 2021ஐ நினைத்துப் பார்க்கட்டும். அவ்வருடம் மார்ச்சில், இறக்குமதியான எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருந்ததாகத் தெரியவந்ததும், நல்ல எண்ணெய் விற்றவரின் வியாபாரமும் சேர்ந்தே படுத்தது. 2025 ஆரம்பத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. கொப்பறா விலை ஏறும்போதெல்லாம் மலிவான பாம் எண்ணெயைக் கலக்கும் ஆசையும் சிலருக்கு ஏறுகிறது. கலப்படக்காரர் இலாபத்தோடு போய்விடுவார், சந்தேகத்தைச் சுமப்பது மற்றவர்கள்.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. குருநாகலிலும் புத்தளத்திலும் குளியாப்பிட்டியிலும் தென்னை நிற்கிறது. நல்ல வெள்ளை எண்ணெய் ஆட்டும் ஆலைகள் இருக்கின்றன. கருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அப்படியிருக்க நமது தட்டுகளில் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல்களில் எத்தனை இந்தியாவிலிருந்து வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். 2022 டொலர் நெருக்கடியில் அழகுசாதனப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எத்தனை கடைகளின் தட்டுகள் வெறுமையாகின என்பது உங்களுக்கே தெரியும். 2023இல் தடைகள் படிப்படியாக நீங்கியதும் எல்லோரும் பழைய இடத்துக்கே ஓடினோம். ஷியாக் கொட்டையைச் சாக்கில் அனுப்பிவிட்டுக் கிறீமை டப்பாவில் திருப்பி வாங்கும் நாடுகளைப் பார்த்து நாம் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் 100 மில்லிலீற்றர் போத்தலில், உற்பத்தித் திகதியும் சேர்மானமும் மூன்று மொழியிலும் தெளிவாக எழுதி, ஒரு நல்ல தலை எண்ணெயைச் சந்தைக்கு விடலாம். பெரிய முதல் தேவையில்லை. முதலில் ஆய்வுகூடப் பரிசோதனைக்குப் பணத்தை ஒதுக்குங்கள், அழகான போத்தலுக்குப் பிறகு ஒதுக்கலாம்.

பெருநாள் சீசனுக்கு ஷியா சரக்கு ஓடர் கொடுக்க இருப்பவர்கள், மாதிரிப் போத்தலின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, முதல் ஐந்து சேர்மானங்களில் ஷியா வராவிட்டால் அந்த விலையைப் பேசாதீர்கள். காலாவதிக்குப் பதினெட்டு மாதமாவது இருக்கும் சரக்கையே எடுங்கள். கவுண்டரில் நிற்கும் பொடியனையும் ஒரு பத்து நிமிடம் உட்கார வைத்து, எதற்கு ‘ஆம்’ சொல்லலாம், எதற்குச் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.