பங்கு போட்ட ஊர்

ஒரே ஊரை நாலஞ்சு டைரக்டர்கள் பங்கு போட்டுக் கதை கதையாக எடுப்பதற்கு 'ஆந்தாலஜி' என்று பெயர். பி.காம். படித்தவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், பார்ட்னர்ஷிப் கம்பெனி. லாபம் வந்தால் எல்லோருக்கும். நஷ்டம் வந்தால், 'என் கதை நல்லாத்தானே இருந்தது' என்று ஒவ்வொரு பார்ட்னரும் கழன்று கொள்ளலாம்!

2006-ல் பாரீஸ் நகரத்தை இப்படிக் கூறு போட்டார்கள். பேட்டைக்கு ஒரு கதையாக மொத்தம் 18. ஒன்று பிடிக்கவில்லையா, டீ குடித்துவிட்டு வருவதற்குள் அடுத்த பேட்டை வந்துவிடும். மலையாளத்தில் 2009-ல் 'கேரளா கஃபே'. பத்து டைரக்டர், பத்துக் கதை.

நம்ம ஆட்கள் 2020-ல் 'புத்தம் புதுக் காலை' கொடுத்தார்கள். கொரோனா ஊரடங்கு, ஐந்து டைரக்டர்கள். சில வீடுகளில் ஹாலே எங்கள் தெரு அகலம் இருந்தது சார்! சம்பளம் நின்று போனவன், மூட்டை முடிச்சோடு ஊருக்கு நடந்தவன் ஒருத்தனும் கண்ணில் படவில்லை. கார்த்திக் சுப்புராஜ் மட்டும் ரெண்டு சில்லறைத் திருடர்களைக் கூட்டி வந்தார். 'அப்பாடா, நம்ம வருமானக்காரங்க' என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான்.

2023-ல் வந்த 'மாடர்ன் லவ் சென்னை' தேவலை. ராஜுமுருகன் கதையில் வடசென்னை பிஸ்கட் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற பெண் வருகிறாள்.

சென்னைக்கு இத்தனை. எங்க தூத்துக்குடிக்கு? சினிமாக்காரர்களுக்கு எங்க ஊர் என்றால் துறைமுகம், கன்டெய்னர், உள்ளே சரக்கு, வெளியே அரிவாள். 2013-ல் 'சிங்கம் 2' பார்த்துவிட்டு, கோயமுத்தூரில் இருக்கும் என் மனைவியின் சித்தப்பா போன் பண்ணினார்.

"மாப்ள, அங்க ராத்திரில வெளிய போக முடியுங்களா?"

"போகலாம் மாமா. புரோட்டா கடையில இடம் பிடிக்கிறதுதான் கஷ்டம்."

ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் நண்பனும் நானும் டீக்கடையில் உட்கார்ந்து எங்க ஊர் ஆந்தாலஜிக்குப் பட்டியல் போட்டோம்.

"மொதக் கதை உப்பளம்லே" என்றான். விடியுமுன் இறங்கி உப்பு சுமக்கிற பெண்கள். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. அந்த மாசங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதே ஒரு படம். இரண்டாவது, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி. மூன்றாவது, சங்கு குளிக்கிறவர். ரயிலுக்கு முத்துநகர் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இப்போது குளிப்பது சங்குக்குத்தான். இவர் கடலடியிலிருந்து எடுத்து வருகிற சங்கு, வங்காளத்தில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாகிறது. இவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது? அங்கே இருக்கிறது கதை.

நாலாவது காமெடி. மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் போகிற குமாஸ்தா, மேனேஜருக்கு மக்ரூன் டப்பா வாங்கிப் போகிறான். மேனேஜர் சுத்த சைவம். மக்ரூனில் முந்திரி, சர்க்கரையோடு முட்டை வெள்ளைக்கருவும் இருப்பதை இன்க்ரிமென்ட் ஆர்டரில் கையெழுத்து விழும்வரை சொல்லக் கூடாது!

"அஞ்சாவது?" என்றேன்.

நண்பன் டீ கிளாசை உருட்டிக்கொண்டே இருந்தான். எனக்கும் தெரியும். 2018 மே 22. ஸ்டெர்லைட் வேண்டாம் என்று கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022-ல் சட்டசபைக்கு வந்தது. புதுசாகக் கதை, வசனம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

"இத யாருக்குலே குடுக்க? வெளியூர்க்காரன் எடுத்தா நடுவுல ஒரு ஹீரோவ எறக்கி அத்தன பேரையும் காப்பாத்திருவான்."

"ஹீரோ இல்லாமத்தான் எடுக்கணும்."

"புரொடியூசர்?"

நாலு கதைக்கு நேரே டைரக்டர் பெயர் எழுதியாயிற்று. அந்த ஒரு வரி மட்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.