காரணம் சொல்லாத சல்லடை

நெய்வேலி நகரியத்தை ஒட்டி வளர்ந்த வடக்குத்தில் இன்று ஒரு பல் வைத்தியசாலையோ தையற்கடையோ புதிதாகத் திறக்கப்படுமாயின், அதன் யோக்கியதையை அண்டை வீட்டாரிடம் விசாரிப்பதற்கு முன்னரே, அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கைப்பேசியில் பார்த்துவிடுகிறோம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு வெளியூரார் வந்து குடியேறியவண்ணம் இருக்கும் பிரதேசம் இது. ஆகையால் ஊராரின் வாய்ச்சொல் சென்றெட்டாத இடத்தில் அந்நட்சத்திரங்கள் சாட்சி சொல்வதில் வியப்பில்லை. அச்சாட்சியங்களுள் எவை நம் கண்ணுக்கு வரலாம், எவை வரலாகாது என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிடும் யந்திரத்தை நாம் ஒரு கேள்வியும் கேளாதிருப்பதுதான் வியப்பு.

போலி அபிப்பிராயங்கள் பெருகிவிட்டன என்பது மெய்தான். 2023-ஆம் ஆண்டில் மட்டும், விதிமீறிய 17 கோடிக்கு மேற்பட்ட மதிப்புரைகளைத் தடுத்தோ நீக்கியோ விட்டதாகக் கூகுள் நிறுவனமே அறிவித்தது. காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவனையும், போட்டிக் கடைக்காரனின் ஏவலால் இகழ்கிறவனையும் விலக்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எழுதியவரின் கணக்கு எத்தகையது, ஓர் இடத்தைப் பற்றிச் சொற்பக் காலத்தில் எத்தனை பேர் எழுதினர் என்பனவற்றைக் கொண்டும் சந்தேகம் கொள்ளும் யந்திரத்திற்குச் சிற்றூரின் சுபாவம் எவ்வாறு விளங்கும்? ஆயுளில் ஒரே முறை, அதுவும் பேரன் கூட இருந்து எழுத்தைத் தட்டிக் கொடுக்க, தமக்குப் பல் கட்டிய வைத்தியரை மெச்சி இரண்டு வரி எழுதும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியும், கூலிக்கு எழுதுவதற்கென்றே நேற்றுக் கணக்குத் தொடங்கியவனும் அதற்கு ஒரே இனமாகத் தோன்றக்கூடும். கடை திறப்பு விழாவுக்கு வந்த உறவினரும் சிநேகிதரும் அன்று மாலையே மனமார வாழ்த்தி எழுதிவிட்டாலோ, அது சதியாகவே தோன்றலாம்!

அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய யெல்ப் தளத்தின் மீது, விளம்பரம் தராதவர்களை மதிப்புரைகளைக் காட்டி மிரட்டுகிறது என்று வணிகர் சிலர் வழக்காடி, 2014-இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர். அவர்களுடைய மனத்தாங்கல் தீர்ந்ததோ இல்லையோ, யெல்ப் செய்யும் ஒரு காரியம் மெச்சத்தக்கது. தான் பரிந்துரைக்காத மதிப்புரைகளை நட்சத்திரக் கணக்கில் சேர்க்காவிடினும், பக்கத்தின் அடியில் ஒதுக்கி வைத்து, விரும்பியவர் திறந்து படிக்க விடுகிறது. விலக்கப்பட்டது இன்னது என்பதாவது அங்கே தெரிகிறது.

நம் தேசத்திலும் 2022 நவம்பரில், மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் சீர்தூக்கிப் பிரசுரிப்பதற்குமான நெறிகளை ஐ.எஸ். 19000 என்ற தரநிர்ணயமாக இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்தது. வெளிப்படைத்தன்மையும் அதன் கோட்பாடுகளுள் ஒன்று. எனினும், விரும்புவோர் கடைப்பிடிக்கலாம் என்ற நிபந்தனையோடுதான் அது பிறந்தது. ஒளிக்க விரும்புகிறவனை இத்தகைய விதி என்ன செய்துவிடும்? அதைக் கட்டாயமாக்குவதோடு, தம் மதிப்புரை ஏன் நிறுத்தப்பட்டது என்பதை எழுதியவருக்குத் தமிழில் தெரிவிக்கவும், அவர் ஆட்சேபித்தால் ஒரு மனிதர் அதை மறுபரிசீலனை செய்யவும், எத்தனை மதிப்புரைகள் எக்காரணங்களால் விலக்கப்பட்டன என்பதை அந்தந்தக் கடையின் பக்கத்திலேயே நட்சத்திரங்களுக்கு அருகில் காட்டவும் சர்க்கார் இத்தளங்களுக்கு உத்தரவிட வேண்டும்.